ஜி-யிலிருந்து சி-க்கு நடந்து

ஜெயப்பிரகாஷின் விரல்கள் கிட்டாரில் ஜி கார்டு என்ற பிடியிலிருந்து சி கார்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் காந்திமதி ஒரு வெங்காயத்தை உரித்து நறுக்கியும் முடித்துவிட்டாள். சாம்பார் வெங்காயம்தான். ஆனாலும் பாட்டுக்கு நடுவில் அது நீண்ட நேரம். பல்லவியின் முதல் வரியை இழுத்துப் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றவள், கணவன் இப்போதைக்குச் சி-க்கு வரப்போவதில்லை என்று தெரிந்ததும் கத்தியைக் கையில் எடுத்துவிட்டாள். ஹாலில் அவனுடைய மோதிரவிரல் மூன்றாவது கட்டத்தைத் தேடித் தடவிக்கொண்டிருந்தது. ஒருவழியாக அது உட்கார்ந்து சி கார்டு முழங்கியபோது, பாட அங்கே ஆள் இல்லை.

“ஏங்க, எம்மாம் நேரம்தான் ஒரே வரிய இழுத்துகினு நிக்கிறது?” என்றாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

கிட்டார் அவன் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. எதிர் குவார்ட்டர்ஸ் மாடசாமி அண்ணன் ரிட்டயர் ஆகிச் சங்கரன்கோவிலுக்குக் கிளம்பியபோது, லாரியில் பீரோவுக்கும் கிரைண்டருக்கும் இடம் கிடைத்தது, மகள் விட்டுப்போன கிட்டாருக்குக் கிடைக்கவில்லை. ‘நீ வச்சுக்க’ என்று நீட்டினார். குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள் துளசிச் செடியையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம்தான். அவனுக்கு வாய்த்தது ஆறு கம்பி. இரண்டு வருஷமாக யூடியூப் பார்த்து மூன்று கார்டு கற்றிருந்தான். நாற்பத்தாறு வயதில் அது குறைந்த சாதனை அல்ல என்பது அவனுடைய சொந்த அபிப்பிராயம்.

காந்திமதியின் குரலோ கற்றுக்கொண்டு வந்ததல்ல. பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடிக்கும்போதும் பாட்டை முணுமுணுப்பாள். கடலூரில் கல்லூரி படித்த காலத்தில் ஆண்டுவிழா மேடை ஏறியிருக்கிறாள். அன்று பின்னால் வாசித்த பையன்கள் சரணத்துக்கு நடுவில் வழி தெரியாமல் நின்றுவிட, இவள் திறந்த வாயோடு நிற்க, கூட்டத்தில் எவனோ ஊளையிட்டான். அதோடு சரி. இருபத்திரண்டு வருஷமாக அவள் பாட்டுக்கு ரசிகர்கள் குக்கரும் ஜெயப்பிரகாஷும் மட்டும்தான். இந்த வருஷம் என்ன நினைத்தாளோ, குவார்ட்டர்ஸ் பிளாக்கின் பொங்கல் விழாவுக்குத் தானாகவே பெயர் கொடுத்திருந்தாள். விழாச் செயலாளர் தமிழ்மாறன் தன் போனில் அந்தப் பாட்டின் பின்னணி இசை டிராக்கைத் தயாராக வைத்திருந்தான். டிராக் போதுமா, கிட்டாரா என்று வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தான்.

டிராக் யாரையும் காக்க வைக்காது. அது ஜெயப்பிரகாஷுக்கும் தெரியும். சுரங்க ஷிஃப்ட் மாறி மாறி வருகிற வீட்டில், ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் தூங்குகிற வீட்டில், இந்தப் பாட்டு நேரம் ஒன்றுதான் இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருக்கிற நேரம். மேடையில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுத் தான் உட்கார வேண்டும் என்று அவனுக்கு அடக்க முடியாத ஆசை. வெட்கத்தில் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வாசிக்கும்போதெல்லாம் அவள் கண் அவன் இடது கையை விட்டு நகராமல் பயந்துகொண்டே இருப்பதைப் பார்த்த பிறகு, கேட்கவும் வாய் வரவில்லை.

புதன்கிழமை ஒரு வீடியோ கண்ணில் பட்டது. ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு ஒரேயடியாகத் தாவ வேண்டாம், நடுவில் தடித்த கம்பிகளில் ஒவ்வொரு சுரமாக மீட்டி நடந்து போகலாம் என்றது. ஜி-யிலிருந்து ஏ, பி, அப்புறம் சி. படியில் ஏறிப் போவதுபோல அவ்வளவு இயல்பாக இருந்தது. ஏ-க்கு விரலே வைக்க வேண்டாம், ஐந்தாவது கம்பியைச் சும்மா தட்டினால் போதும். அந்த நேரத்தில் விரல்கள் இடம் மாறிக்கொள்ளலாம். ஓடிப்போய் மனைவியிடம் சொன்னான். நடந்தாலும் சரி, ஓடினாலும் சரி, பாட்டு நிற்காமல் இருந்தால் போதும் என்றாள்.

பாட்டு நின்றது. முன்னைவிட மோசமாக நின்றது. ஜி-யை நாலு எண்ணிக்கைக்கு வாசித்து முடித்து, பிறகு ஏ, பி என்று ஆற அமர நடந்து சி-க்குப் போனான். காந்திமதி எண்ணிக்கை தவறாமல் அடுத்த வரிக்குள் போயிருந்தாள். இவன் இரண்டு எண்ணிக்கை பின்னால், கல்யாணம் முடிந்து பந்தியும் எழுந்த பிறகு வந்த மாமனைப்போல நின்றான். வியாழக்கிழமை முழுக்க இதே கதை. நடை அழகாகத்தான் இருந்தது. போய்ச் சேருவதுதான் தாமதம்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு முதல் ஷிஃப்ட். சுரங்கத்தின் கன்வேயர் கண்ட்ரோல் ரூமில் வேலை. வெட்டுகிற இயந்திரத்திலிருந்து, கரியைக் கொட்டிச் சேர்க்கிற பங்கர்வரை நிலக்கரியைப் பெல்ட் பெல்ட்டாகக் கைமாற்றிக் கொண்டுபோக வேண்டும். அன்று ஒரு பெல்ட்டில் ஒட்டு விட்டுப்போனதால் மொத்த வரிசையும் நின்றது. ஒட்டுப் போட்டு முடிக்கப் பத்தரை மணி ஆனது. திரும்ப ஓட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பங்கர் பக்கத்துக் கடைசிப் பெல்ட்டைத்தான் ஓட்ட வேண்டும். அது வேகம் பிடித்த பிறகு அதற்கு முந்தையது. அதற்கப்புறம் அதற்கும் முந்தையது. வாங்குகிற பெல்ட் ஓடாமல் கொடுக்கிற பெல்ட்டை ஓட்டினால், இரண்டும் சேருகிற இடத்தில் கரி மலையாகக் குவிந்துவிடும். பத்தொன்பது வருஷமாக அவன் செய்கிற வேலை இது. “ஏழு ஓடுது, ஆறைப் போடறேன்” என்று வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்தியவன், விரலை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கடைசியிலிருந்து அல்லவா எண்ண வேண்டும்! சி விழ வேண்டியது அடுத்த வரியின் முதல் தட்டில். அப்படியென்றால் பி இந்த வரியின் நாலாவது தட்டில். ஏ மூன்றில். ஜி-க்கு மிச்சம் இருப்பது இரண்டே தட்டு. இவனோ ஜி-க்கு நாலு தட்டையும் தானம் கொடுத்துவிட்டு, நடக்க நேரம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். பெல்ட்டில் இந்தத் தப்பை ஒருநாளும் செய்ததில்லை. வீட்டில் இரண்டு நாளாகச் செய்திருக்கிறான். தன் முட்டாள்தனத்தை நினைத்து உரக்கச் சிரித்தான். என்ன சார் ஆச்சு என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். ஆறும் ஓடுது என்று சொல்லி வைத்தான்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, சாப்பாட்டைத் தொடாமல் கிட்டாரை எடுத்தான். நாலேகாலுக்குக் காந்திமதி உள்ளே வந்தபோது செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் பாடச் சொன்னான். பாடினாள். இரண்டு தட்டு, ஏ, பி, சரியாக அவள் வாய் திறக்கும் இடத்தில் சி. திரும்பவும் ஒரு தடவை முதலிலிருந்து பாடினாள். அப்போதும் அவள் கண் அவன் கையை விட்டு நகரவில்லை. முடிந்ததும் பையிலிருந்து போனை எடுத்துத் தமிழ்மாறனைக் கூப்பிட்டாள். டிராக் வேண்டாம், மேடையில் ஒரு ஸ்டூல் மட்டும் போட்டு வை என்றாள். ஜெயப்பிரகாஷ் முகத்தைக் கிட்டாருக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். சந்தோஷத்தை வேறெங்கும் வைக்க இடம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோலப்போட்டிக்கும் உறியடிக்கும் நடுவில் அவர்களைக் கூப்பிட்டார்கள். பிளாக் முழுக்க வந்திருந்தது. பட்டுப்புடவையில் நின்ற காந்திமதி மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பல்லவி முழுக்க அவள் கண் அவன் விரல்களில்தான் இருந்தது. முதல் சரணம் போயிற்று. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஜி-க்கு இரண்டு தட்டு, மூன்றில் ஏ, நாலில் பி, ஒன்றில் அவளும் சி-யும் சேர்ந்து இறங்கினார்கள். யாரோ பெரியவர் தாளம் போட ஆரம்பித்தார்.

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஜி வாசித்தான். ஏ, பி என்று நடந்து சி-யில் சரியாக வந்து நின்றான். அவள் குரல் வரவில்லை.

நாம்தான் எங்கோ தப்பு செய்துவிட்டோம், மறுபடியும் அவளை நடு மேடையில் நிறுத்திவிட்டோம் என்று பதறி நிமிர்ந்தான். காந்திமதி மைக்கை இடுப்பளவுக்கு இறக்கியிருந்தாள். அவள் அவன் கையைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். புடவைக் கரைக்குக் கீழே வலது கால் மட்டும் எண்ணிக்கை தவறாமல் தட்டிக்கொண்டிருந்தது. மைக்கைப் பிடித்திருந்தது ஒரு கைதான்.

பிறகு மைக்குக்குக் கேட்காதபடி அவன் பக்கம் குனிந்தாள்.

“நல்லா கீதுங்க. இன்னொரு வாட்டி நடந்து வாங்க. கேட்டுட்டுப் பாடறேன்.”

அவன் ஜி-க்குத் திரும்பினான். ஒன்று, இரண்டு என்று தட்டினான். மூன்றில் கட்டைவிரல் ஐந்தாவது கம்பியைத் தொட்டபோது, அவள் கூட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே மைக்கை மெல்ல வாய்க்கு உயர்த்தினாள்.