மூன்று நாள் மருந்து

என் மகள் தவமலருக்குக் காய்ச்சல் கண்ட மறுநாளே, தேயிலைக் காட்டுக்கு லீவு போட்டுவிட்டு கிளினிக்குக் கூட்டிப்போனேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கள் தோட்டத்து லைன் வீடுகள் முழுக்க வேறு கதை ஓடுகிறது.

தொண்டை வலி, வாந்தி. மார்பிலும் வயிற்றிலும் சிவப்புத் தடிப்பு. தடவினால் மணல் ஒட்டியது போல் சொரசொரத்தது. கன்னம் சிவந்திருக்க, வாயைச் சுற்றி மட்டும் வெளுத்திருந்தது. நாக்கை நீட்டினாள். இந்த மலையில் விளையும் ஸ்ட்ராபெரி தோற்றது.

"ஸ்கார்லெட் ஃபீவர். பத்து நாள் மருந்து. காய்ச்சல் விட்டாலும் நிறுத்தாதீங்க" என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். ஆறு வயதுப் பிள்ளைக்கே புரிந்தது.

மூன்றாம் நாள் என் நாத்தனார் வேலம்மா வந்தார். பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா வந்திருக்கா லா சசி! இப்பப் போயி இங்கிலீஸ் மருந்து குடுத்தா சும்மா விடுவாளா?"

"அம்மைன்னா நீர் கோத்துக் கொப்புளம் வரும் அண்ணி. இது அப்படி இல்லையே."

"நீ டாக்டருக்குப் படிச்சியோ?"

என் கணவரைப் பார்த்தேன். அவர் கைப்பேசியைப் பார்த்தார். காய்ச்சலும் விட்டிருந்தது. பாட்டிலை மூடி அலமாரி மேல் வைத்தது என் கைதான்.

இந்தக் குளிரில் வேப்பமரம் ஏது? காய்கறி லோரிக்காரரிடம் சொல்லி, கீழே வெயிலடிக்கும் ஈப்போ டவுனிலிருந்து வேப்பிலை வரவழைத்தார் அண்ணி. பிள்ளையின் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தபோது, ஆத்தா மனம் குளிர்ந்துவிட்டாள் என்று மஞ்சள் தண்ணீர் ஊற்றி, லைனுக்கே கூழ் கொடுத்தோம்.

மூன்று வாரத்தில் கால்முட்டி வீங்கியது. பிறகு மறு முட்டி. வாசல்படி ஏறவே மூச்சு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் இருதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அந்தக் காய்ச்சலின் மிச்சத்தால் வால்வு கெட்டிருக்கிறதாம்.

"அந்த மருந்த பத்து நாளும் குடுத்தீங்களா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

"குடுத்தோம் டாக்டர்." அண்ணி முந்திக்கொண்டார்.

"இல்ல. மூணு நாள்தான். நான்தான் நிறுத்தினேன்" என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாதம் ஒரு ஊசி, இருபத்தோரு வயது வரைக்குமாவது போடவேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் அண்ணி தன் தம்பியிடம், எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "பிள்ளைக்கு மருந்து குடுக்கக்கூடத் தெரியாதவள கட்டிட்டு வந்திருக்க."

என் கணவர் மறுபடியும் கைப்பேசியை எடுத்தார். அண்ணி சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது?