சுவரில் இருந்த சின்னக் கை

"அப்பா, நாம ஒளிச்சு வச்சதை யாருமே தேடி வரலைன்னா, அது ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தமா, தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தமா?"

ஜெஸி இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவிட்டு, அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஞானசீலன் வண்டியை ஓட்டிக்கொண்டே யோசித்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர் என்றாலும் பிள்ளைகளின் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ஒளிச்சு வச்சவளுக்கு இடம் தெரியும்ல? அவளுக்குத் தெரியுற வரைக்கும் அது தொலையல" என்றார்.

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் அப்போது பிடித்துத்தான் இருந்தது.

ஜியோகேச்சிங் என்ற அந்த விளையாட்டு, அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வகுப்பில் புரியவைக்க அவர் கண்டுபிடித்த வழி. ஒரு சின்ன டப்பாவில் ஏதாவது பொருளைப் போட்டு எங்காவது ஒளித்து வைக்க வேண்டும். அந்த இடத்தின் எண்களைக் கைபேசிச் செயலியில் போட்டு, கூடவே ஒரு வரிக் குறிப்பும் எழுத வேண்டும். முன்பின் தெரியாத யாரோ தேடி வந்து எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள். மீனாட்சி கோயில் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் சிலர், பெங்களூரிலிருந்து வரும் இளவட்டங்கள் சிலர், உள்ளூரில் வங்கியில் வேலை பார்க்கும் ஜெரால்ட். தேடுகிற கூட்டம் அவ்வளவுதான்.

ஒளிப்பதில் ஜெஸிக்குத் தனிப் பிடிவாதம் இருந்தது. மரப்பொந்து, பாறையிடுக்கு, விளக்குக் கம்பத்தின் அடி என்று ஊர் உலகமே வைக்கிற இடங்களில் அவள் வைக்க மாட்டாள். எங்கே எது கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களோ, அதைப்போலவே டப்பாவை மாற்றுவாள். கொட்டாம்பட்டியில் நான்குவழிச் சாலையோர இளநீர்க் கடையில், குடித்துப் போட்ட மட்டைகளின் குவியலுக்குள் குடைந்த மட்டை ஒன்றில் வைத்தாள். ஜெரால்ட் முழங்கை வரை சேறாக்கிக்கொண்டு போன் போட்டான்: "அண்ணே, உங்க மக என்னயக் குப்பை கிளற வச்சுட்டா. கடைக்காரரு என்னயப் பாத்து, வேல வேணுமா தம்பின்னு கேக்குறாரு." ஜெஸி தரையில் உருண்டு சிரித்தாள்.

ஒருமுறை காளவாசல் பக்கம் ஒரு காம்பவுண்டுச் சுவரில் பொய்க் குழாய் ஒன்றைப் பொருத்தினாள். திருகினால் தண்ணீர் வராது. கழற்றினால் உள்ளே டப்பா. எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் சித்திரை வெயிலில் ஒரு கொத்தனார் வந்து அதைத் திருகிப் பார்த்துவிட்டு, உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு போனதை அவள் சாலைக்கு எதிர்ப்பக்கமிருந்து பார்த்துவிட்டாள். அன்றே கழற்றி எடுத்துவந்தாள். ஒளிப்பதென்றாலும் யாரையும் ஏமாற்றக் கூடாது என்று வீட்டில் அவளாகவே ஒரு சட்டம் போட்டாள். அந்தச் சட்டத்தை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பன்னிரண்டு வயதில் முதல்முறையாகத் தனியாக ஒன்றை ஒளித்தாள். அம்மா பாக்கியத்துக்கு உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. சனிக்கிழமைகளில் வகுப்பு இருந்தால் ஜெஸியும் டவுன் பஸ்ஸில் கூடப் போவாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு கையிலும் சாணி வாசத்தோடு வந்து நின்றாள். எண்களைச் செயலியில் போட்டுவிட்டதாகவும் முதலில் அப்பாதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் சொன்னாள். அம்மாவிடம் கேட்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பாக்கியத்துக்கும் ஊர்தான் தெரியும், இடம் தெரியாது. உள்ளே என்ன வைத்திருக்கிறாள் என்பது யாருக்குமே தெரியாது. செயலியில் அவள் எழுதியிருந்த குறிப்பு இவ்வளவுதான்: "கை குலுக்கவும்."

அடுத்த வாரம் போகலாம் என்றிருந்தார். அதற்குள் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வந்த மழைக்காலத்துக் காய்ச்சல்தான். மற்றப் பிள்ளைகள் எழுந்து பள்ளிக்கூடம் போனார்கள். ஜெஸி எழவில்லை.

அதன் பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. ஞானசீலன் அந்த எண்களைத் தினமும் பார்ப்பார், ஆனால் போக மாட்டார். கண்டுபிடித்துவிட்டால் விளையாட்டு முடிந்துவிடும். அது அங்கே இருக்கிற வரைக்கும் மகளிடமிருந்து தனக்கு வர வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று நினைத்தார். ஜெபத்தில்கூட அதைச் சொல்லியிருக்கிறார்: ஆண்டவரே, அந்த ஒன்று அங்கேயே இருக்கட்டும்.

ஆடி மாதத்தில் ஜெரால்ட் கூப்பிட்டான். ஜெஸி ஒளித்ததை ஞானசீலனுக்கு முன்னால் தான் தேடி எடுக்கக் கூடாதென்று இத்தனை நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தவன் அவன். பெங்களூர்ப் பையன்கள் இரண்டு பேர் தேடிப் பார்த்து, அங்கே வெறும் சுவர்தான் இருக்கிறது, எதுவும் கிடைக்கவில்லை என்று செயலியில் எழுதியிருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அண்ணே, ஒருதடவ நீங்களே போயிப் பாத்துருங்க. அவங்களுக்குத் தேடத் தெரியாம இருந்திருக்கும்."

சனிக்கிழமை ஞானசீலன் போனார். எண்கள் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஊர்க்கடைசியில் ஒரு ஓட்டு வீட்டின் பக்கச் சுவர். தெற்கே பார்த்த, நல்ல வெயில் விழுகிற மண்சுவர். கீழ்வரிசையில் மட்டும் புதிதாகத் தட்டிய வறட்டிகள் ஒட்டியிருந்தன. அதற்கு மேலே சுவர் முழுவதும் வட்ட வட்டமாகத் தடம். வறட்டிகள் இருந்து எடுத்த தடம்.

அவர் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு வறட்டியிலும் தட்டிய கையின் ஐந்து விரலும் பதிந்திருந்தன. சாணியை உருட்டிச் சுவரில் அறைந்து, உள்ளங்கையால் அழுத்தும்போது விழுகிற பதிவு. எல்லாம் ஒரே கை. அகலமான, பெரிய மனுஷியின் கை.

கை குலுக்கவும். அவருக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தப் பெரிய கைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கை இருந்திருக்கிறது. அதன்மேல் தன் கையை வைக்கச் சொல்லித்தான் மகள் எழுதியிருக்கிறாள்.

"யாரு சார் வேணும்?"

சாணிக் கூடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும்; நெற்றி வெறுமையாக இருந்தது. ஞானசீலன் தான் ஜெஸியின் அப்பா என்றார். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பெயர் சின்னத்தாய். இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு வறட்டி தட்டி உசிலம்பட்டி சந்தைக்குப் போடுகிறவள். டீச்சர் மகள் ஒருநாள் வந்து, எனக்கும் ஒன்று தட்டச் சொல்லித் தருகிறீர்களா என்று கேட்டதையும், நடுவில் ஒரு மாத்திரை டப்பாவை வைத்து மூடித் தட்டியதையும் சொன்னாள். மூன்றுமுறை கை வழுக்கிச் சாணி தரையில் விழுந்ததாம். காய்ந்ததும் எல்லாவற்றோடும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள், எங்கப்பா வந்து தேடுவார் என்று கேட்டுக்கொண்டு போனதாம்.

"அதுலருந்து அதய மட்டும் நான் எடுக்கல சார். சந்தைக்கு எடுக்கும்போதெல்லாம் அது மட்டும் சொவத்துல நிக்கும். மழ வந்தா கழட்டி உள்ள கொண்டுபோயி வச்சுக்கிருவேன். வெயிலடிச்சதும் பச்சச் சாணியத் தடவி அதே எடத்துல ஒட்டிருவேன். எங்க வீட்டுக்காரரு, ஏண்டி அதுக்குக் கண்ணாலமா பண்ணப் போறன்னு வைவாரு."

வீட்டுக்காரர் பேயாண்டி சித்திரையில் இறந்துவிட்டார். மத்தியானம் நெஞ்சு வலிக்கிறதென்றார். டாக்ஸி வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த ஊரில் ஒரு சாவு விழுந்தால் சிதைக்கு வேண்டிய வறட்டியைச் சொந்தக்கார ஆண்கள்தான் சேகரிப்பார்கள். வறட்டி தட்டுகிற வீட்டிலேயே சாவென்றால் வேறெங்கே போவார்கள்? சின்னத்தாய் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் இருந்ததை எல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் பெயர்த்துக் கூடை கூடையாகக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் ஆண்கள் சுடுகாட்டில் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகுதான் அவள் சுவரைப் பார்த்தாள்.

"சுடுகாட்டுக்கு ஓடுனேன். பொம்பள அங்க வரக் கூடாதும்பாங்க, இருந்தாலும் போனேன். சாம்பல்ல கைய விட்டுத் தேடுனேன். ஒண்ணும் இல்ல சார். அவரோட சேந்து அதுவும் போயிருச்சு."

ஞானசீலன் உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். உலகத்தில் வேறு எதுவும் அவருக்கு அந்த நிமிஷத்தில் வேண்டியிருக்கவில்லை.

சின்னத்தாய் தலையை ஆட்டினாள். "பச்சப்புள்ள நம்பிக் குடுத்தத தொறந்து பாக்கலாமா சார்? ஒருநாளும் பாக்கல."

அந்த நேர்மையின் மேல் அவரால் குறை சொல்ல முடியவில்லை. ஒருமுறை, மழைக்குப் பயந்தாவது திறந்து பார்த்திருக்கலாமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் திறந்து பார்க்கிறவளாக இருந்திருந்தால், ஒவ்வொரு மழைக்கும் எடுத்து உள்ளே வைத்திருக்கவும் மாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பாப்பாவுக்கு என்மேல கோவமா இருக்கும்ல? அப்பறம் இந்தப் பக்கம் வரவேயில்லயே. கூட்டிட்டு வாங்க சார். இன்னொண்ணு தட்டுவோம். இந்தத்தடவ வீட்டுக்குள்ளயே ஒட்டி வச்சுக்கிறேன்."

ஜெஸி இறந்துபோனது அவளுக்குத் தெரியாது. பாக்கியம் அந்தத் துக்கத்துக்குப் பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதால் ஊரில் யாருக்குமே தெரியவில்லை.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் ஞானசீலன். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். எரிந்துபோனது செத்த பிள்ளையின் கடைசிக் கை என்று இவளிடம் சொன்னால் என்ன ஆகும்? புருஷனை எரித்த நெருப்பை நினைக்கும்போதெல்லாம் இதையும் சேர்த்து நினைப்பாள். சுமக்கிறவள் தலையில் இன்னொரு கூடையை ஏற்றுவதா?

"அவ கோவிக்க மாட்டாக்கா" என்றார். அது உண்மைதான்.

"எம்மேல தப்பில்லன்னு பாப்பாகிட்டச் சொல்லிருங்க சார்."

"சொல்றேன்."

அன்று ராத்திரி ஜெபத்தில் அதைச் சொன்னார். மகளிடம் சொல்லும்படி ஆண்டவரிடம் சொன்னார். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் அழுதுகொண்டே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "அம்புட்டு மழையிலயும் எடுத்து உள்ள வச்சாங்களா?" ஆமாம் என்றார். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். ஆமாம் என்றார். தங்கள் பிள்ளையின் கை ஒரு மழைக்காலம் முழுவதும் நனையாமல் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் தங்களால் காப்பாற்ற முடியாத கையை ஒருத்தி கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள்.

இதற்கு என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை. ஒரு சேலை எடுத்துக் கொடுக்கலாமென்றால், எதற்கு சார் என்பாள். எதற்கென்று சொல்லப் போனால் மறைத்ததையும் சொல்ல வேண்டிவரும். ஐப்பசி வரை அது அவர் நெஞ்சில் கிடந்தது. மறைப்பதும் பாவமாகத் தோன்றத் தொடங்கவே, எது வந்தாலும் வரட்டும், சொல்லிவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை மறுபடியும் பஸ் ஏறினார்.

வீடு சாத்தியிருந்தது. கண்மாயில் நூறு நாள் வேலை என்று வழியிலேயே சொல்லியிருந்தார்கள். தெருவே வெறிச்சென்று கிடந்தது. சுவரில் உச்சி வரை வறட்டி. காலையில் வெயில் நன்றாக அடித்ததை நம்பி அப்படியே விட்டுப் போயிருக்கிறாள். இப்போது ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் கருத்துத் திரண்டு வந்துகொண்டிருந்தது. காற்றில் ஈரம் ஏறியிருந்தது. நனைந்தால் இத்தனையும் கரைந்து சுவரோடு வழிந்துவிடும்.

ஞானசீலன் சட்டைக் கையை மடித்துவிட்டார். முதல் வறட்டியை மேலிருந்து இழுத்தார், உடைந்துவிட்டது. கீழேயிருந்து விரலை நுழைத்து மெல்ல நெம்ப வேண்டும் என்று அப்புறம் பிடிபட்டது. ஒவ்வொன்றாகப் பெயர்த்து மாட்டுக் கொட்டகைக்குள் கொண்டுபோய்ச் சுவரோரம் அடுக்கினார். காயாதவை கையில் ஒட்டின. மாடுகள் இரண்டும் அவரைப் பார்த்துக்கொண்டே அசை போட்டன. எட்டாத வரிசைக்கு ஒரு உரலை உருட்டிவந்து ஏறி நின்றார். உடைந்த துண்டுகளையும் பொறுக்கினார். மூலையில் கிடந்த தார்ப்பாயை எடுத்து எல்லாவற்றையும் மூடி, ஓரங்களில் கல் வைத்தார். உரலைப் பழைய இடத்துக்கே உருட்டினார்.

குடத்தில் தண்ணீர் இருந்தது. அது அவள் தூரத்திலிருந்து தூக்கி வந்த தண்ணீர் என்பதால் அதில் கை கழுவ மனம் வரவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லக் காத்திருக்கவும் தோன்றாமல் அப்படியே நடந்தார்.

பஸ் நிறுத்தம் சேருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கண்மாய்ப் பக்கமிருந்து பெண்கள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூட்டமாக ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வறட்டி போச்சே வறட்டி போச்சே என்று புலம்பிக்கொண்டு சின்னத்தாய் ஓடி வந்தாள். ஞானசீலன் நிழற்குடைக்குப் பின்பக்கம் போய், அவள் கடந்து போகும் வரை மழையிலேயே நின்றார்.