வேட்டியில் வடிகட்டிய யூரியா

1

இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் நான் காதால் கேட்டது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. மதுரை காளவாசலில் ஒரு பட்டறையில் என் காருக்குக் கிளட்ச் மாற்றக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் மெக்கானிக்கிடம் சொன்னார்: “வேட்டியில வடிகட்டித்தாண்ணே ஊத்துனேன்.” மெக்கானிக் தலையில் கை வைத்தார். பிறகு சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு விசாரித்தேன். புது டீசல் கார்கள் பலவற்றில் டீசல் டேங்க் போக இன்னொரு சின்ன டேங்க் உண்டு. புகையின் நச்சைக் குறைப்பதற்கு அதில் யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். கடையில் கேனில் விற்கிறார்கள். அது சரியில்லாவிட்டால் கார் மறுபடி கிளம்ப மறுக்கும். அந்தப் பெண் வயலுக்குப் போடும் யூரியாவை ஆழ்குழாய்த் தண்ணீரில் கரைத்து, கசடு போக வேட்டியில் வடிகட்டி ஊற்றியிருக்கிறார்.*

* சிரிப்பதற்கு முன் ஒன்று. இரண்டும் யூரியாதான். உரத்தின் அழுக்கும் தண்ணீரின் உப்பும்தான் வித்தியாசம். வடிகட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அதுகூடத் தோன்றியிருக்காது.

2

முதல் தொடக்கம்: “விளக்கு எரிந்தது.” அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கிய புத்தகங்களை நானே முதல் பக்கத்தில் மூடி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: “கீழக்குயில்குடியில் சமணர் படுக்கைகளின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது அந்தக் கார்” இதையும் அடித்துவிட்டேன். கார் அந்த ஊருக்குப் போகவே இல்லை. எனக்கு அந்த மலை பிடிக்கும் என்பதற்காக, அவசரமாகப் போகிற ஒருத்தியை அங்கே நிறுத்தி வைக்க முடியாது.

மூன்றாவதாக, காரியத்தை நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சரண்யாதேவி கணவனைப் பிரிந்து வந்து, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அண்ணன் பாண்டிராஜ் வீட்டில் இருக்கிறாள். மகள் தமிழ்வாணிக்கு ஏழு வயது. பிள்ளை யாரிடம் வளர்வது என்று மதுரையில் வழக்கு நடக்கிறது. போன வாய்தாவுக்கு இவள் போகவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல். இன்று காலை நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசப்போகிறார். இன்றும் வராவிட்டால் பிள்ளை தகப்பனிடம் போய்விடும் என்று வக்கீல் போனில் சொல்லிவிட்டார்.

(நீதிமன்றம் என் கற்பனை. பட்டறையில் பார்த்த பெண்ணுக்கு வழக்கு இருந்ததா, பிள்ளை இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. ஒரு வாக்கியம் சொன்னதற்காக ஒருவர் வாழ்க்கையில் வழக்கைக் கொண்டுபோய் வைக்கலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே வைத்துவிட்டேன்.)

3

பாண்டிராஜ் வாடகைக்கு ஓட்டுவது டீசல் கார். அதன் புகைக்குழாயில் இருக்கும் சென்சார் போன மாதமே கெட்டுவிட்டது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் எச்சரிக்கை விளக்கு எரியும். மெக்கானிக் தவசி பார்த்துவிட்டுச் சொன்னார்: “புது சென்சாருக்குச் சொல்லியிருக்கேன், வரணும். அதுவரைக்கும் அது பாட்டுக்குக் கத்தட்டும் மாப்ள. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, அடங்கிரும்.”

ஒவ்வொரு முறையும் அடங்கியது. பாண்டிராஜ் விளக்கை நம்புவதை விட்டான்.

நேற்று யூரியா குறைவு என்று காட்டியது. அது மட்டும் உண்மை. “யூரியா ஊத்தணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் குளிக்கப் போனான். அண்ணன் நமக்காக நாளைய சவாரியை விடுகிறான், நம்மால் ஆனது இதையாவது செய்வோம் என்று சரண்யாதேவி நினைத்தாள். சோளத்துக்கு வாங்கி வைத்த யூரியா மூட்டையைப் பிரித்தாள்.

இன்று காலை குறைவு என்று காட்டவில்லை, நேற்றுக் காட்டியதும் பொய்தான் என்று பாண்டிராஜ் கிளம்பிவிட்டான். ஊரைத் தாண்டியதும் திரையில் புது எச்சரிக்கை வந்தது: இஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது.

பாண்டிராஜ் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். “பொய் சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு. இப்ப மெரட்டவும் பழகிருச்சு.”

சரண்யாதேவி விடிந்ததும் அந்தச் சின்ன டேங்கின் மூடியைப் பார்த்திருந்தாள். சுற்றிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

4

இந்த இடத்தில் அவளை நான் நம்பவில்லை. சொல்லிவிட வேண்டியதுதானே? கதை நீள வேண்டும் என்று நான்தான் அவள் வாயைக் கட்டுகிறேனோ என்று சந்தேகம் வந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளை எங்கே வளரும் என்று நீதிமன்றம் கேட்கும். அண்ணன் வீட்டில் என்பதுதான் அவளிடம் இருக்கும் ஒரே பதில். போன வாரம் மதினி பாத்திரம் துலக்கியபடி, யாரிடம் என்றில்லாமல், “வந்தவுக இன்னும் போற மாதிரி தெரியல” என்றாள். அந்த வீட்டுக்குச் சோறு போடுவது இந்தக் கார். அதைக் கெடுத்தது நான் என்று சொன்னால் வீடு போகலாம். சொல்லாமல் விட்டால் வாய்தா போகலாம். எது போனாலும் வாணி போய்விடுவாள்.

இப்போது நம்புகிறேன்.

5

செக்கானூரணியில் டீசல் முள் அடியில் கிடந்தது. பாண்டிராஜ் பெட்ரோல் பங்குக்குள் திருப்பினான்.

(பஸ்ஸில் போகலாமே என்று கேட்பீர்கள். இனி பஸ் பிடித்தால் இவர்கள் போய்ச் சேர்வதற்குள் பெயர் கூப்பிட்டு முடித்திருப்பார்கள். அவ்வளவு தாமதமாகக் கிளப்பியது நான்தான். நீதிபதி பார்க்கப்போகிறார் என்று வாணியின் பின்னலை அவிழ்த்து அவிழ்த்துப் போட வைத்தேன்.)

டீசல் போடும் ஒச்சம்மாள் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“வண்டிய ஆஃப் பண்ணுங்கண்ணே.”

பாண்டிராஜின் கை சாவிக்குப் போனது.

“அண்ணே, ஓடட்டும்ணே” என்றாள் சரண்யாதேவி.

“எதுக்கு?”

“அதான் போட்டிருக்குல்ல, நிறுத்துனா கெளம்பாதுன்னு.”

“அது போன மாசத்துல இருந்து என்னத்தையாச்சும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு. ஒன் வீட்டுக்காரன் மாதிரி.”

ஒச்சம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “ஓடுற வண்டிக்குப் போட மாட்டேண்ணே. மேல கேமரா இருக்கு. எனக்கு வேலை போச்சுன்னா நீங்களா வேலை குடுப்பீக?”

“இந்தா ஆஃப் பண்றேன்த்தா. எம்புட்டு அவசரம் ஒனக்கு.”

பின்னால் லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார்.

“மாமா, ஆஃப் பண்ணா ஏசி போயிருமா?” என்று பின் இருக்கையிலிருந்து வாணி கேட்டாள்.

“செத்த நேரந்தான் தங்கம்.”

அவன் விரல்கள் சாவியைப் பிடித்தன.

(இங்கே நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் விரல்கள் சாவியிலேயே இருந்தன. நான் இல்லாத நேரத்திலும் இஞ்சின் ஓடி, டீசல் குறைந்துகொண்டிருந்தது. இனி எழுந்திருக்கக் கூடாது.)

6

எழுதிப் பார்த்த முடிவுகள்.

அவள் வாய் திறக்கவில்லை. அவன் நிறுத்துகிறான். டேங்க் நிரம்புகிறது. சாவியைத் திருப்புகிறான், ஒன்றும் நடக்கவில்லை. வயிறு நிறைந்த கார், நகராத கார். கச்சிதமான முடிவு. நீங்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள், அவளுக்குப் பிள்ளை போயிருக்கும். வேண்டாம்.

அவள் வாய் திறக்கவில்லை. அவன் நிறுத்துகிறான். மறுபடி திருப்பினால் கார் கிளம்பிவிடுகிறது. இது கருணை மாதிரித் தெரிகிறது. ஆனால் அந்த உப்பு குழாய்க்குள் போய்க்கொண்டே இருக்கும், அவள் இன்னொரு நாள் இதே இடத்தில் உட்கார வேண்டும். எனக்குத்தான் வசதி. அதுவும் வேண்டாம்.

ஆகவே அவளைப் பேசவிட்டேன்.

“அண்ணே, திருப்பாத. இது சென்சார் கோளாறு இல்ல. நான்தான் யூரியா ஊத்துனேன்.”

“எந்த யூரியா?”

“சோளத்துக்கு வாங்கி வச்சிருந்தோம்ல. அந்த மூட்டை.”

அவன் திரும்பிப் பார்த்தான்.

“வேட்டியில வடிகட்டித்தாண்ணே ஊத்துனேன்.”

“எம்புட்டு?”

“நெறையிற வரைக்கும்.”

லாரி மறுபடி ஹாரன் அடித்தது. பாண்டிராஜ் சாவியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். ஒச்சம்மாளிடம், “டீசல் வேணாம்த்தா” என்றான்.

“போடாம எப்படிண்ணே போவீக?”

“இருக்குறது போற வரைக்கும் போகட்டும்.”

7

கார் மதுரை ரோட்டில் போகிறது. இழுவை குறைந்திருக்கிறது, முள் அடியில் கிடக்கிறது. நாகமலை பக்கத்திலேயே வருகிறது, யாரும் பார்க்கவில்லை. டீசல் போதுமா என்பது எனக்குத் தெரியும். போதும். அந்த அளவுக்காவது எனக்கு அதிகாரம் இருக்கிறது. எனக்குத் தெரியாதது பாண்டிராஜ்தான். அவன் தங்கையிடம் என்ன சொல்வான் என்று பிடிபடவில்லை.

“எறங்கு” என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவன் அப்படிப்பட்டவன் என்றால் இன்று காலை கிளம்பியே இருக்க மாட்டான்.

“விடுத்தா, இரும்புதான” என்று எழுதினேன். கேட்க நன்றாக இருந்தது. இவ்வளவு நல்லவனை நான் நேரில் பார்த்ததில்லை.

“வீட்டுல போயி பேசிக்கிருவோம்” என்று எழுதினேன். சரியாகத்தான் பட்டது. ஆனால் அதை என்ன குரலில் சொன்னான் என்று எவ்வளவு முயன்றும் எனக்குக் கேட்கவில்லை.

இப்போது அவன் வாயைத் திறக்கிறான். சரண்யாதேவி முன்னால் பார்த்தபடி இருக்கிறாள். வாணி இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் சற்று நேரத்தில், கதவைச் சாத்திய அறையில், மாமா வீட்டில் உங்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நீதிபதி அவளைக் கேட்பார். ஏழு வயதுப் பிள்ளை, கடைசியாகக் கேட்டதைத்தான் முதலில் சொல்லும்.

பாண்டிராஜ் அதை யோசிக்கவில்லை. அவனுக்குக் கார்தான் கண்முன் நிற்கிறது. யோசிக்க முடிந்தவர் நீங்கள்தான், ஆகவே இந்த வரியை நீங்கள் எழுதுங்கள். நல்லவனாக்க வேண்டாம், கெட்டவனாக்கவும் வேண்டாம். பிள்ளை அதை ஒரு சொல் பிசகாமல் அங்கே போய்ச் சொல்லும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பாண்டிராஜ் சொன்னான்: “ . . . . . . . . . . . . . . . . . . . . ”