மார்ச் மாதத்துப் படகு

எங்கள் மாதர் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரே ஓர் ஓவியம் உண்டு. ஆறு, படகு, படகில் ஓர் ஆள். நாங்கள் கூடும் நூலகத்தின் சுவரில் ஈரம் என்பதால் அது வீட்டுக்கு ஒரு மாதம் என்று உறுப்பினர்களின் வீடுகளைச் சுற்றிவரும். மாதக் கடைசியில் செயலாளரும் அடுத்த முறைக்காரியும் வந்து எடுத்துப்போவார்கள். கொடுப்பவள் அதில் தான் புதிதாகக் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பதினோரு வருட வழக்கம்.

மார்ச் என் முறை. என் கணவர் எல்மரின் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்தேன். இருபத்தாறாம் தேதி அவரை அடக்கம் செய்தோம். முப்பத்தொன்றாம் தேதி அவர்கள் வந்தார்கள்.

அடுத்த முறைக்காரி லியோட்டா நேராகச் சமையலறைக்குப் போனாள். "என்னடி தோரா, ஊரே கொண்டுவந்த கறி அப்படியே கிடக்கு? சாப்பிடறியா இல்லையா?"

"சாப்பிட்டேன்."

சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

செயலாளர் மிஸஸ் ஹாலரன் நோட்டைத் திறந்தார். "கஷ்டமா இருந்தா இந்த மாசம் காலியா விட்டுடலாம்மா."

"வேண்டாம், எழுதுங்க. படகுல துடுப்பு இல்ல. எல்மர்தான் பாத்தார். 'இவன் எப்படிக் கரைக்கு வரப்போறான்'னு தினமும் கேப்பார்."

"வீட்டுக்காரங்க பாத்ததை எழுதறதில்லையே."

"என் வீட்டுக்காரர் முழு மாசமும் அதைக் காலண்டர்னு நெனச்சிட்டிருந்தார். எல்மராவது பாத்தாரே. எழுதுங்க" என்றாள் லியோட்டா.

மிஸஸ் ஹாலரன் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "துடுப்பு இருக்கே."

இருந்தது. கரையின் நிழலோடு சேர்ந்து, மெல்லிய பழுப்புக் கோடாக. எல்மருக்குக் கண் மங்கிக்கொண்டிருந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. நானும் தினமும் அதைத் தூசி தட்டியவள்தான்.

"இருக்கறதை இல்லைன்னு இந்த நோட்டுல எழுதினதே இல்ல, தோரா."

"அவர் பாத்தது அதுதான்."

அந்த ஒரு வரி மட்டும் எனக்கு வேண்டியிருந்தது.

லியோட்டா குறுக்கே வந்தாள். "இப்படிச் செய்யுங்க. மார்ச்சுல துடுப்பு இல்லைன்னு எழுதுங்க. ஏப்ரல்ல நான் கண்டுபிடிச்சேன்னு எழுதிக்கலாம். நானும் ஒண்ணு சொல்லணுமே. போன தடவை வானம் நீலமா இருக்குன்னு நான் சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சீங்க."

மிஸஸ் ஹாலரன் பேனாவை எடுத்தார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். மார்ச்: துடுப்பு இல்லை. கண்டவர், எல்மர்.

படத்தைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் வைத்தார்கள். லியோட்டா தட்டில் கறி போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

கட்டிலில் உட்கார்ந்தேன். எதிரே ஆணி மட்டும் இருந்தது. அதைப் பிடுங்க வேண்டும். சுத்தியல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.