கன்னத்தில் நீலம்

"மூஞ்சிய கொஞ்சம் வெளுப்பா போட்டுருங்க க்கா."

பத்தாங் காலியில் இருக்கும் எங்கள் அச்சுக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லாமல் போவதில்லை. கல்யாண அட்டைக்கும் இதேதான், காதுகுத்துப் பேனருக்கும் இதேதான். செத்துப்போனவர்களைக்கூட விடமாட்டார்கள். இத்தனை வருடம் கணினி முன்னால் உட்கார்ந்து வடிவமைப்பு வேலை பார்த்தும், இந்தப் பேச்சைக் கேட்டால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று சொன்னவன் புனிதன். கெர்லிங்கிலிருந்து வந்திருந்தான். அவன் மனைவி துளசி குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டாளாம். சின்ன வயது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர்ப் பொது மண்டபமான பாலாய் ராயாவில் கருமக்கிரியை, மண்டபச் சுவரில் கட்ட முகம் மட்டும் பெரிதாக ஒரு பேனர் வேண்டும் என்றான். போன தீபாவளியன்று எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

"நாளைக்கு மாமியார் வந்து பாத்து ஓகே சொல்லிருவாங்க லா. அவங்க ஊர் உலு யாம்தான், பக்கம்."

கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

கைப்பேசியில் பார்க்கிற படம் வெளிச்சம், பேனரில் விழுவது மை. திரையில் பளபளக்கிற முகம் அப்படியே அச்சுக்குப் போனால் செங்கல்லாக வந்து நிற்கும். அதனால் படத்தை முதலில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகளுக்கு மாற்றி, எந்த இடத்தில் எது எவ்வளவு விழும் என்று எண்களைப் பார்ப்பேன். நம் தோலில் நீலம் சிவப்பில் பாதி அளவுக்குத்தான் வரும். அதைத் தாண்டினால் உயிருள்ள முகத்துக்கே பிணக்களை வந்துவிடும்.

துளசியின் நெற்றியில் சரியாக இருந்தது. வலது கன்னமும் சரி. இடது கன்னத்தில் மட்டும் நீலமும் சிவப்பும் சரிசமமாக நின்றன. நிழலோ என்று பார்த்தேன். ஜன்னல் வெளிச்சமே அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. நீல மை விழும் இடங்களை மட்டும் தனியாகத் திறந்து பார்த்தேன். கண்ணுக்குக் கீழே தொடங்கிக் காதோரம் வரை ஒரு கறை. மேலே பவுடர் பூசியிருந்ததால் சாதாரணமாகப் பார்த்தால் தெரியவில்லை. குளியலறையில் விழுந்து செத்தவளுக்கு, அதற்கு எவ்வளவோ முன்னால் வந்த தீபாவளியிலேயே இப்படி ஒரு காயம் ஏது?

மறுநாள் நவமணி அம்மா வந்தார், துளசியைப் பெற்றவர். எதையும் திருத்தாமல் ஒரு தாளில் மாதிரி அடித்து வைத்திருந்தேன். அவர் படம் முழுவதையும் பார்க்கவில்லை. விரல் நேராக இடது கன்னத்துக்குப் போனது.

"இது தெரியுதா?"

"தெரியுதும்மா. அழிக்கச் சொன்னா அழிச்சிர்றேன்."

நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தாம்மா பவுடர் போட்டு விட்டேன். தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்துச்சு, ஆளுங்க வந்து போற வீடு, கேப்பாங்கன்னு அப்பி விட்டேன். சாயங்காலம் அவன் கூடவே அனுப்பியும் வெச்சேன். புள்ள காடியில ஏறாம நின்னுச்சு. நான்தான் ஏத்தி உட்டுக் கதவச் சாத்துனேன்."

அவர் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவள் செய்கிற வேலையா இது? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"போலீசுக்குப் போலாமேம்மா. இந்தப் படத்தக் காட்டலாம்."

"போறேன். அதுக்கு முன்ன சொந்தக்காரங்க பாக்கட்டும். நல்ல பையன், பொறுத்துப் போகச் சொல்லுன்னு எனக்குச் சொன்னது அவங்கதான்." பிறகு தாளைப் பார்த்தபடியே கேட்டார்: "ஏம்மா, அந்தப் பவுடர எடுக்க முடியுமா?"

"இல்லாதத நான் வரைய மாட்டேன். இருக்கறத மறைக்காம அடிச்சுத் தர்றேன்."

"அது போதும். எம் மக எங் கலருதான்," என்று கையைத் தாளுக்குப் பக்கத்தில் நீட்டினார்.

அந்தக் கையை வைத்துத்தான் நிறம் பிடித்தேன். முதலில் அடித்தது சிவந்து வந்தது, அடுத்தது வெளுத்தது. மண்டபங்களில் வெள்ளை டியூப் லைட்தான் எரியும் என்பதால், அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து மறுபடி திருத்தினேன். கடைசியில் நல்ல கறுப்பு நிறத்தில், பெற்றவள் சாயலோடு துளசி வந்தாள். பவுடரின் வெளுப்பு அடங்கியதும் அந்தக் கறை வெறும் கண்ணுக்கே தெரிந்தது. கன்னத்தில் இருந்தது கன்னத்திலேயே இருந்தது.

பேனரை நானே கொண்டுபோய்க் கட்டினேன். பயமாக இருந்தது, ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. சடங்குக்கு ஆட்கள் வந்து உட்கார உட்கார, ஒவ்வொருவர் பார்வையும் அந்தக் கன்னத்தில் போய் நின்றது. முதலில் பேசியவர் புனிதனின் சித்தி உஷாராணி.

"என்ன கடை லா இது? மூஞ்சியில நீலம் ஏறிப் போச்சு!"

"மை சரியில்ல போல," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அவ்வளவுதான், ஆளாளுக்கு அதையே பிடித்துக்கொண்டார்கள். மிஷின் பழசாக இருக்கும், அவசரத்தில் அடித்திருப்பார்கள் என்று பேச்சு கிளம்பியது. அவர்கள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க எனக்கு எரிந்தது. புனிதன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"கலர் பிரச்சினதான க்கா? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிருங்க."

அவன் சத்தம் போடவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. துளசி வீட்டுக்குள் எப்படி இருந்திருப்பாள் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

"மிஷின்ல தப்பு இல்ல," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நவமணி அம்மா எழுந்து பேனருக்கு முன்னால் போய் நின்றார்.

"கலரு சரியாத்தான் இருக்கு. தீபாவளியன்னிக்கு இதவிடக் கறுத்துக் கெடந்துச்சு. இவன் அடிச்சான், நான் பவுடர் போட்டு மறச்சேன்."

புனிதன் பக்கம் ஒருவர்கூடத் திரும்பவில்லை. உஷாராணி குனிந்து சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டார், அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

"தலையத் தூக்குங்க," என்றார் நவமணி அம்மா. "எம் மகளப் பாருங்க."