இடது பக்கக் கரகரப்பு

நான் கத்தரிக்கோல் கேட்கப் போனபோது மாடி வீட்டுக்காரி பல் குத்தும் குச்சியின் முனையில் பஞ்சைச் சுற்றி, மடிக்கணினியின் இயர்போன் துளைக்குள் விட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். என் வீட்டில் கத்தரிக்கோல் இல்லாமல் இல்லை. மாடியில் காலையிலிருந்து தட்டச்சுச் சத்தமே வரவில்லை. அது ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சமையலறையில் கை ஓடவில்லை, அவ்வளவுதான். அவளும் நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்தவள் போல, கத்தரிக்கோலைத் தேட எழுந்திருக்காமல், "உக்காருங்கக்கா" என்றாள். கண் சிவந்திருந்தது.

டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு மளமளவென்று பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் காதில் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்பது அவள் வேலை. பாதி டாக்டர்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள், மீதிப்பேர் காரோட்டிக்கொண்டு. அதிலிருந்து மருந்தின் பெயரைப் பிசகாமல் பிடிப்பாள். பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், இந்த இயர்போனில் சத்தம் வரத் தொடங்கும்வரை. சமீபத்தில் அவள் முடித்தனுப்பிய வேலைகள் திரும்பி வர ஆரம்பித்திருந்தன, தப்புகளைக் காட்டும் சிவப்புக் கோடுகளோடு.

சத்தம் என்றால் ஒரு சத்தமில்லை. முதலில் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல். அதை அவள் கணவர் வந்த வேகத்தில் பிடித்துவிட்டார். சார்ஜரைப் பிடுங்கினார், இரைச்சல் நின்றது. வேறு பிளக்கில் செருகினார், அதோடு சரி. அவர் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் ஜெனரேட்டர் அறையைப் பார்த்துக்கொள்பவர். எங்கள் குடியிருப்பில் அவருக்குப் பெயரே ஜெனரேட்டர்தான். வேலையால் மட்டுமல்ல, அவர் மாடியில் நின்று "சட்டை எங்க?" என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரர்கூடத் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். மனுஷனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்த மிதப்பு என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

இரண்டாவது, அசைந்தால் வரும் சரசரப்பு. ஒயர் சட்டையில் உரசுகிற சத்தம் அது. ஒயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்பக்கம் இறக்கி, கழுத்துப்பட்டியில் துணி கிளிப் போட்டுப் பிடித்துக் கொடுத்தார். துணி உலர்த்தும் கிளிப்போடு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் சிரித்ததில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் சரசரப்பு போயே போய்விட்டது.

மிச்சம் இருந்தது இடது பக்கத்துக் கரகரப்பு. அதைத்தான் அவரால் தீர்க்க முடியவில்லை. தீர்க்க முடியவில்லை என்பதைவிட, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதித்தார். மாட்டிக் கேட்பார், கண்ணை மூடுவார், உதட்டைப் பிதுக்குவார். "ஒண்ணுமில்லையேம்மா. சுத்தமா இருக்கு."

"அவர் பொய் சொல்ல மாட்டாருக்கா," என்றாள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு. "அப்ப இயர்போன் நல்லாத்தான் இருக்கு. என் காதுதான் போயிட்டு இருக்கு."

"கிறுக்கா உனக்கு? புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிப் பாரு, தெரிஞ்சிடும்."

"அதுலயும் கேட்டுச்சுன்னா?"

சும்மா கேட்டுப் பார்க்கலாம் என்று நான் இயர்போனை எடுத்து என் காதருகே கொண்டுபோனேன். பறித்துவிட்டாள். "வேணாம்க்கா. நீங்களும் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா என்னால தாங்க முடியாது." பஞ்சு சுற்றிய குச்சியை மறுபடி எடுத்தாள். ஏற்கெனவே துடைத்த துளையைத் துடைத்தாள். காது இல்லாவிட்டால் இந்த வேலை இல்லை. இந்த வேலை இல்லாவிட்டால் அவள் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. வேறெதையும் அவள் இவ்வளவு ஆசையாகச் செய்து நான் பார்த்ததில்லை. புதிது வாங்காமல் பழைய சத்தத்தோடு இருக்கும்வரை, கோளாறு இயர்போனில்தான் என்ற நம்பிக்கை இன்னும் கொஞ்சம் பாக்கியிருந்தது அவளுக்கு.

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் வேலை முடிந்து வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அசைவேனா?

"இன்னைக்கு முடிச்சிடலாம்," என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "எங்க ரூம்ல ரெண்டு லைன்ல ஒண்ணு தகராறு பண்ணா என்ன செய்வோம்? மாத்திப் போட்டுப் பார்ப்போம். இடதை வலது காதுல வை. சத்தம் இயர்போன்கூடவே வந்துச்சுன்னா இயர்போன் கோளாறு. இடது காதுலயே நின்னுச்சுன்னா காது."

"வேணாங்க."

"என்னம்மா வேணாம்? காதுன்னா காது. பாத்துக்கலாம். டாக்டர் இருக்காங்க, மெஷின் இருக்கு. இதுல வெக்கப்பட என்ன இருக்கு, மறைச்சு வைக்க என்ன இருக்கு? நான் இருக்கேன்ல?" அவ்வளவு சத்தமாக ஒரு மனிதர் அவ்வளவு கனிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அவள் மாற்றி மாட்டிக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டினாள். ஏதோ ஒரு டாக்டர் யாருடைய முழங்காலைப் பற்றியோ பேசியிருக்க வேண்டும். அவள் முகத்தில் ஒரு கணம் எதுவும் இல்லை. பிறகு வலது கையைத் தூக்கி வலது காதைத் தொட்டாள்.

"இங்க வந்துடுச்சு," என்றாள். "கரகரன்னு இங்க வந்துடுச்சுங்க! இடது பக்கம் சுத்தமா இருக்கு!" சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாதபடி ஒரு சத்தம். பதிவை நிறுத்தினாள், இயர்போனைப் பிடுங்கினாள், அவர் மேல் சாய்ந்தாள், எழுந்தாள். அந்தச் சந்தோஷத்திலேயே நல்ல பக்கத்தை எடுத்து, அவருடைய இடது காதில் வைத்தாள். "கேளுங்க, எப்படி இருக்குன்னு! டாக்டர் பேசுறது கேக்குதா?"

"பளிச்சுன்னு கேக்குது," என்றார் அவர், தலையை ஆட்டிக்கொண்டே.

நான் திரையைப் பார்த்தேன். பதிவு நின்றுதான் இருந்தது. அவளும் பார்த்தாள்.

அப்போதாவது நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அவள் அதை அவர் காதிலிருந்து எடுத்தாள். கரகரக்கிற பக்கத்தை, குழந்தைக்குத் தோடு மாட்டுவதுபோல மெதுவாக, அவருடைய வலது காதில் வைத்தாள். பொத்தானைத் தட்டினாள். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது, தலையைப் பின்னுக்கு இழுத்தார். "ஐயோ, என்னது இது! யாரோ உள்ள உக்காந்து காகிதத்தைக் கசக்குற மாதிரி! இதை வச்சுக்கிட்டா இத்தனை நாள்..." என்று கத்தியவர் அங்கேயே நின்றுபோனார். காதிலிருந்து எடுத்தார். திருப்பி, அதில் இடதுக்கு என்று போட்டிருந்த 'L' எழுத்தைப் பார்த்தார். இடது என்று எழுதியதை இடது காதில்தான் வைக்க வேண்டும் என்று ஒருநாளும் மாற்றி மாட்டாத மனிதர்; அந்தக் கரகரப்பு அவருடைய வலது காதுக்கு இதுவரை வந்ததே இல்லை.

"எப்பலேருந்து?" அவள் அவருடைய வலது பக்கமாகக் குனிந்து கேட்டாள்.

"கொஞ்சம் மந்தம்னு தெரியும். இவ்வளவுன்னு எனக்கே தெரியாதும்மா."

"நான் கேட்டேனே, கேக்குதான்னு."

"யாராவது கேக்குதான்னு கேட்டா, கேக்குதுன்னு சொல்லியே பழகிடுச்சு." ஒயரை விரலில் சுற்றினார், பிரித்தார். "வெளிய தெரிஞ்சா ஜெனரேட்டர் ரூமுக்குள்ள விடமாட்டாங்க. இன்ஜின் சத்தம் மாறுறதைக் காதுலதான் பிடிக்கணும். அது தெரியலைன்னா நான் அங்க எதுக்கு? ஆபரேஷன் நடக்கிற இடம்."

"அது உங்களுக்கே தெரியுதுல்ல?"

அவர் கையிலிருந்த இயர்போன் மட்டும் யாருக்கும் கேட்காமல் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, "உன் காது நல்லாருக்குல்ல, அது போதும்," என்றார். இதைச் சொன்னபோது மட்டும் குரல் தணிந்துதான் இருந்தது. அவள் அவர் முதுகில் ஓர் அடி வைத்தாள். வலிக்கிற அடிதான். "போதுமாம்! டாக்டர் இருக்காங்க, மெஷின் இருக்குன்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு?" கை முதுகிலேயே இருந்துவிட்டது.

அதற்குமேல் எனக்கே கூச்சமாகிவிட்டது. கத்தரிக்கோலை வாங்காமலே இறங்கி வந்தேன்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நம்ப மாட்டீர்கள், ஆனாலும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரி வந்து "மாடியில என்ன, இன்னைக்கு அமைதியா இருக்கு?" என்று தூண்டில் போட்டபோதுகூட, "மனுஷங்க தூங்க மாட்டாங்களா?" என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மாலை இருவரும் படியிறங்கினார்கள். நான் வாசலில்தான் இருந்தேன். "எங்க, ரெண்டு பேருமா?"

"கடைக்கு. இவளுக்கு இயர்போன் வாங்கணும்," என்றார் அவர்.

"காது டாக்டர்கிட்ட," என்றாள் அவள், அதே மூச்சில்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் திருத்திக்கொள்ளவில்லை. கதவைத் தாண்டியதும் அவள் அவர் பின்னால் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். நடக்க நடக்க ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். ஒரு கை மட்டும் அவர் முதுகைச் சுற்றி இடது முழங்கையைப் பிடித்திருந்தது. அந்தப் பக்கம்தான் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

தெருமுனையில் ஒரு பக்கம் திரும்பினால் கடைகள், மறுபக்கம் டாக்டர். எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பார்க்க நான் வாசலைத் தாண்டி எட்டினேன். அந்தச் சமயம் பார்த்து ஒரு தண்ணீர் லாரி வந்து நடுவில் நின்று தொலைந்தது. குனிந்து பார்த்தேன். லாரிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே, அவர்கள் கால்கள் மட்டும் தெரிந்தன. எந்தப் பக்கமும் திரும்பாமல் நின்றிருந்தன. பிறகு சின்னச் செருப்புகளில் ஒன்று குதிகாலைத் தூக்கி எம்பியது, அவர் காதில் எதையோ சொல்வதற்கு.