பதினெட்டுக்குப் பன்னிரண்டு, தலை ஏழு

1

கூடாரம் அடிக்கிற நிலத்துக்கு வாடகை எவ்வளவு, நீள அகலம் எவ்வளவு என்று சொல்லும் ஒரு நோட்டீசிலிருந்து கதை எழுதுகிறவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ, பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டீசும் இதுதான்:

“திருவிழாவுக்குக் கூடாரம் அடிப்போர் கவனிக்க. சிறிய மனை: பன்னிரண்டடிக்குப் பத்தடி, பத்து நாள் வாடகை ரூபாய் இரண்டு. பெரிய குடும்ப மனை: பதினெட்டடிக்குப் பன்னிரண்டடி, வாடகை ரூபாய் நான்கு. பெரிய மனை, தலை ஏழுக்குக் குறையாத குடும்பங்களுக்கு மட்டும். முளையும் கயிறும் மனைக்குள் அடங்க வேண்டும்.”

போன வருஷம், 1946 செப்டம்பரில் அச்சடித்தது. மணப்பாட்டுக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கோயில். பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். தூத்துக்குடியிலிருந்து குடும்பம் குடும்பமாக வண்டி கட்டி வருவார்கள். சட்டி பானை, கோழி, பிள்ளைகள், கூடாரத்துக்கு வீட்டில் கிடக்கும் பழைய தோணிப்பாய். பத்து நாளும் மணலில்தான் குடித்தனம்.

(ஏழு தலைக் கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின வருஷம் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் பெரிய மனையை வளைத்துப் போட்டுக்கொண்டு, பத்துப் பிள்ளைக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். விதி நல்ல விதிதான். அதை நினைவில் வையுங்கள்.)

2

முதல் தொடக்கம்: ‘கடல் அன்று வெள்ளித் தகடாக மின்னி—’

சீ. கடலை யார் கேட்டார்கள்?

இரண்டாவது தொடக்கம்: ‘விக்டோரியாவின் கண்களில் எப்போதும் ஒரு சோகம்—’

பொய். அவள் கண்ணில் சோகம் இல்லை, கோபம்தான் இருந்தது. பார்த்தவன் சொல்கிறேன்.

மூன்றாவது:

கோயில் கமிட்டி அந்தப் பத்து நாளைக்குக் கணக்கெழுத எஸ்றா என்ற குமாஸ்தாவைப் பிடித்திருந்தது. ஆள் நாசரேத்துப் புராட்டஸ்டன்ட். வேதக்கோயில் வேறானாலும் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், அடி அங்குலம் தப்பாது. கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்தார். பேரேட்டில் நான்கு கட்டம்: பெயர், ஊர், தலை, மனை. தலையை நேரில் எண்ணித்தான் எழுத வேண்டும் என்பது உத்தரவு.

வரிசையில் விக்டோரியா வந்தாள். தூத்துக்குடிக்காரி, நாற்பது வயதிருக்கும். பின்னால் நான்கு பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் அவள் புருஷனின் தங்கை லூர்து, சுருட்டிய தோணிப்பாயின் ஒரு முனையைச் சுமந்துகொண்டு.

“தலை எத்தனை?” என்றார் எஸ்றா.

“ஏழு” என்றாள் விக்டோரியா.

“ஆறு” என்றாள் லூர்து.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. விக்டோரியா மெதுவாகத் திரும்பினாள்.

“ஏளா, உங்க அண்ணனை நீயே கழிச்சிட்டியா?”

“இல்ல மைனி... இங்கன நிக்கிற தலையத்தான் நான்...” பாயின் முனை லூர்தின் கையிலிருந்து நழுவியது.

எஸ்றா எட்டிப் பார்த்து எண்ணினார். ஆறு. “ஏழாவது ஆளு எங்கம்மா?”

“கொழும்புக்குப் போயிருக்காவ.”

“எப்போ?”

“நாலு வருஷமாச்சு. வருவாவ.”

3

இங்கே நிறுத்துகிறேன். இனிகோவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்குப் புரியாது.

இனிகோ அவள் புருஷன். தோணித் தண்டல், அதாவது தோணியில் ஏறுகிற ஆட்களுக்கெல்லாம் தலைவன். நாற்பத்திரண்டில், ஈஸ்டருக்கு முந்தின வாரம் வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டான். ஈஸ்டர் அன்றைக்குக் கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். இனிகோவும் வரவில்லை, தோணியும் வரவில்லை, ஒரு பலகை கூடக் கரை ஒதுங்கவில்லை. வீட்டில் கிழிசலாகக் கிடந்த மாற்றுப் பாயைக் காட்டி, போகும்போது அவன் சொன்னது இவ்வளவுதான்: “கத்திரி கித்திரி வச்சிராத. வந்து நானே தச்சுத் தாரேன்.”

அந்தப் பாய்தான் இப்போது கூடாரம். விரித்தால் பதினெட்டடி.

‘வெட்ட வேண்டாமே, மடித்து அடித்தால் சிறிய மனையில் அடங்குமே’ என்கிறீர்களா? எஸ்றாவும் அதைத்தான் சொன்னார். அவள் சொன்ன பதில்:

“அடங்கும் வாத்தியாரே. ஏழு பேரு எதுக்கு மடிக்கணும்?”

நாலு ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்து மேசையில் வைத்தாள். பணம் இருந்தது. பாயும் இருந்தது. கட்டத்தில் ஒரு எண்தான் வேண்டியிருந்தது. அதைக் குமாஸ்தா ஆறு என்று எழுதினால், இனிகோ இல்லை என்று மையால் எழுதின முதல் ஆள் அவராகிவிடுவார்.

பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார்: “வெயில் கொளுத்துது, சட்டுபுட்டுன்னு எழுதி விடும்!”

எஸ்றா பேனாவை மையில் தோய்த்து—

கவனித்துவிட்டீர்களா? குமாஸ்தாவைப் போய் அவள் எதற்கு வாத்தியாரே என்றாள்? என் எழுத்தே என்னைக் காட்டிக்கொடுக்கிறது. சரி. எஸ்றா என்று யாரும் இல்லை. மேசையில் உட்கார்ந்திருந்தது நான். நாசரேத்தில் ஆறாம் வகுப்பு வாத்தியார்.

ஆறு என்று எழுதினேன். இரண்டு ரூபாயை எடுத்துக்கொண்டு மீதி இரண்டைத் தள்ளினேன்.

இன்னொன்றும் சொல்லித் தொலைக்கிறேன். அந்த நோட்டீசின் வாசகமும் என்னுடையதுதான். முதலில் ‘தலை ஆறுக்குக் குறையாத’ என்றுதான் எழுதியிருந்தேன். கமிட்டியார் அதற்கே தலையாட்டிவிட்டார்கள். அச்சுக்குப் போகும்போது நான்தான் ஏழாக்கினேன். வேதத்தில் ஏழு நிறைவான எண், பார்வைக்கும் லட்சணமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். என் லட்சணத்தில் தீ வைக்க.

4

மறுநாள் விடிந்ததும் முளைகளும் கயிறுகளும் அளவுக்குள் இருக்கின்றனவா என்று கோலோடு சுற்றி வந்தேன். விக்டோரியாவின் கூடாரம் கச்சிதமாக இருந்தது. பாயை உள்பக்கமாக மடித்து, ஒரு நூல் வெளியே வராமல் அடித்திருந்தாள்.

வாசல் திறந்திருந்தது. பூசைக்குப் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டடியில் ஆறு பேர் தாராளமாகப் படுக்கலாம். அவர்களோ ஒரு பக்கமாக, ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டு ஒடுங்கிக் கிடந்தார்கள். வாசலோரம் ஒரு ஆள் படுக்கிற இடம் காலி. தலைமாட்டில் தலையணை.

அந்த இடத்தில் கோலை வைத்துப் பார்த்தேன். இரண்டரை அடி. (அளக்காமல் வந்திருக்கலாம். என் புத்தி அப்படி.)

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எல்லாம் மனைக்குள்ளதான இருக்கு வாத்தியாரே?”

“இருக்கு” என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. போய்விட்டேன்.

5

இத்தோடு முடித்திருந்தால் இது ஒரு ஒழுங்கான கதை. போன புதன்கிழமை லூர்து வராமல் இருந்திருந்தால் முடித்தும் இருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் சுதந்திரக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. தூத்துக்குடியிலிருந்து பஸ் பிடித்து, விசாரித்து, என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“இந்த வருசமும் நீங்கதான் எழுதுவீகளாமே?”

“கமிட்டிக் கடுதாசி வந்திருக்கு.”

“மைனி வர மாட்டேங்கா. பாயைத் தூக்கவே வேண்டாங்கா. அன்னைக்கு நான் அந்த வார்த்தையச் சொன்னதிலேர்ந்து எங்கூட முகம் கொடுத்துப் பேசல வாத்தியாரே. ஒரே சோத்துப் பானை, ஒரு வருசமாப் பேச்சில்ல.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “இப்ப நானே சொல்லுதேன், ஏழு. நீங்க எழுதுவீகளா?”

“சட்டம்னு ஒண்ணு இருக்கேம்மா” என்றேன்.

“ஒரு கார்டு போடுங்க. மைனிக்குப் படிக்கத் தெரியாது, எண்ணு தெரியும். எண்ணை மட்டும் போடுங்க. ஏழுன்னா நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாரேன்.”

பஸ்ஸுக்குப் போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

6

முடிவுகள்.

அ. ஏழு என்று எழுதுகிறேன். விக்டோரியா வருகிறாள், பாய் முழுசாக விரிகிறது, நாத்தனாரும் மைனியும் பேசிக்கொள்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வருஷம்? அதற்கடுத்த வருஷம்? நான் போடுகிற ஏழு அவளை இன்னும் எத்தனை காலம் கடலைப் பார்த்து உட்கார வைக்கும்?

ஆ. ஆறு என்று எழுதுகிறேன். அது உண்மை. அவளுக்கு அந்த உண்மையைச் சொல்ல நான் யார்? பிணத்தைப் பார்த்தேனா, பலகையைப் பார்த்தேனா?

இ. நோட்டீசில் ஏழு என்பதை அழித்து ஆறாக்கிவிடுகிறேன். (கெட்டிக்காரத்தனமாக இதை முதலிலேயே யோசித்தது நீங்கள்தானே?) பெரிய மனை கிடைக்கும், ஆனால் பேரேட்டில் தலைக் கட்டம் போகாது. தலை எத்தனை என்று நான் கேட்டே தீர வேண்டும்.

ஈ. திருவிழா அன்று, தாடியும் மீசையுமாக ஒரு மனிதர் வரிசையைப் பிளந்துகொண்டு—

அடித்துவிட்டேன். பத்திரிகைக்காரர் இதைத்தான் கேட்பார், எனக்குத் தெரியும். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த முடிவு என் பேனாவில் இல்லை.

திருவிழாவுக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. நடக்காததை எப்படி முடிப்பது? கதை எழுதினால் புத்தி தெளியும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். தெளியவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு ஒரு எண் எழுத வரவில்லை.

கார்டில் விலாசம் எழுதிவிட்டேன். மறுபக்கம் காலி. தபால்காரர் நாலு மணிக்கு வருவார், இப்போது மூன்றே முக்கால்.

நீங்களும் இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். விதியும் தெரியும், பாயும் தெரியும், அந்த இரண்டரை அடியும் தெரியும். பேனாவில் மை இருக்கிறது. பிடியுங்கள்.

தலை: